முரோய் ஜெயிக்க வேண்டும்

"பின்னால இருக்கிற ஜிப்பை முன்னால மாத்தித் தர முடியுமாக்கா?" என்று கேட்டபடி முரோய் நமியே தன் கறுப்பு மல்யுத்த உடையை என் கடை மேசைமேல் வைத்தாள். ஜனவரி மாதத்து ஒரு திங்கட்கிழமை. இஸ்திரிப் பெட்டியின் ஆவியில் கண்ணாடிக் கதவு வேர்த்திருந்தது.

"மாத்தலாம். ஏன், கை பின்னால எட்டலியா?"

"குண்டாயிட்டேங்கா."

ஜப்பானில், அமகசாகியின் இந்தக் கடைத்தெருவில் முப்பத்து மூன்று வருடமாகச் சலவைக் கடை வைத்திருக்கிறேன். ஒருவருடைய துணி என் கைக்கு வந்துவிட்டால் அவர் வீட்டு விஷயத்தில் பாதி வந்துவிட்ட மாதிரி. கறிக்கடை நிஷிவாகி சிகரெட்டை விட்டுவிட்டதாக மனைவியிடம் சத்தியம் செய்திருக்கிறார். அவருடைய ஏப்ரனில் நெருப்புப் பொட்டுகள் இருப்பது எனக்குத் தெரியும். முரோயின் இடுப்பளவு ஆறு வருடமாக மாறவில்லை என்பதும் தெரியும். ரசீதை வாங்கியவள் அதைப் பல்லில் கவ்விக்கொண்டு, வலது கையால் மட்டும் பர்ஸை மூடினாள். இடது கை கோட்டுப் பைக்குள்ளேயே கிடந்தது. மேசையின் ஓரத்தில் இருந்த கையெழுத்துத் தாளை அவள் பார்த்தாள். பார்க்காத மாதிரி போய்விட்டாள்.

அந்தத் தாள் என் வேலைதான். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் தெருக்கோடியில், முன்பு பௌலிங் விளையாடும் இடமாக இருந்த கட்டடத்தின் மாடியில், ஒன்பது பெண்கள் கொண்ட ஒரு மல்யுத்தக் குழு இருக்கிறது. முதலாளியம்மா குசகாபே ஒரு காலத்தில் நாற்காலியால் எதிராளியின் மண்டையைப் பிளந்த வில்லி. இப்போது சின்ன நாய்க்குட்டியைப் பார்த்தால் கண் கலங்குகிறவர். முரோய் அங்கே இருபத்து நான்கு வருடம். வயது நாற்பத்தாறு. ஒரு தடவைகூடப் பட்டத்துக்கான பெல்ட் வாங்கியதில்லை. புதிதாக வருகிற பெண்களின் முதல் போட்டிக்கு எதிராளியாக நிற்பதுதான் அவள் உத்தியோகம். அந்தப் பெண்கள் அவளிடம் அடிக்கக் கற்று, பெயர் வாங்கி, பெரிய குழுக்களுக்குப் போய்விடுவார்கள். இவள் அடுத்தவளுக்காக நிற்பாள். யார் ஜெயிப்பது என்பது முன்கூட்டியே எங்கே எப்படித் தீர்மானமாகிறது என்று என்னைக் கேட்காதீர்கள். நிஷிவாகியின் கட்லெட்டுக்குள் என்ன இருக்கிறது என்றும் எங்கள் தெருவில் யாரும் கேட்பதில்லை.

அவர்கள் துவாலைகளை வெளுத்துக் கொடுப்பதால் எனக்கு இலவச டிக்கெட். பதினைந்து வருடம் போய் உட்கார்ந்து, ஆரஞ்சு உரித்துத் தின்றுகொண்டு, எல்லாரையும் போல ஜெயிக்கிறவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். போன இலையுதிர்காலத்தில் ஒரு பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு முதல் போட்டி. பயத்தில் மேடையைச் சுற்றிய கயிற்றின்மேலிருந்து தப்பாகக் குதித்துவிட்டாள். ஒரு முழம் முன்னாலேயே விழப் போகிறாள். அந்த நேரம் பார்த்து என் ஆரஞ்சுச் சுளை கீழே விழுந்தது. குனிந்தேன். தாழ இருந்து பார்த்ததால் தெரிந்தது. முரோய் ஓர் அடி முன்னால் வந்து, அந்த முழங்கால்களுக்கு அடியில் தன் மார்பைக் கொண்டுபோய்க் கொடுத்து, மேடைப் பலகை அதிரும்படி மல்லாந்து விழுந்தாள். விழும்போதே ஒரு உள்ளங்கை அந்தப் பெண்ணின் தலைக்கு அடியில் போய்விட்டது. அரங்கம் குதித்தவளுக்காக எழுந்து கத்தியது. நான் குனிந்தபடியே இருந்தேன்.

மறுநாள் பழைய நிகழ்ச்சித் தாள்களையெல்லாம் பரணிலிருந்து எடுத்துப் பார்த்தேன். எந்தப் படத்தை எடுத்தாலும் முரோய் தலைகீழாக இருந்தாள். பூட்சின் அடிப்பக்கத்துக் கோடுகள்கூடத் தெளிவாகத் தெரிந்தன. முகம் மட்டும் எங்கும் இல்லை.

அதன் பிறகு என் வாய் சும்மா இருக்குமா? சட்டை கொடுக்க வந்தவர், போர்வை வாங்க வந்தவர் எல்லாரிடமும் சொன்னேன். "இந்த ஊர்ல விழத் தெரிஞ்ச ஒரே ஆள் அவதான். ஒரே ஒரு தடவை அவளும் ஜெயிக்க வேணாமா?" முரோய்க்குப் பட்டப் போட்டி தர வேண்டும் என்று தாளில் எழுதி மேசையில் வைத்தேன். கையெழுத்துப் போடாமல் யாருக்கும் துணி கிடையாது. நிஷிவாகி தன் கடையில் இன்னொரு தாள் வைத்தார். நானூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து சேர்ந்தது. பிப்ரவரியில் குசகாபே அம்மா அறிவித்துவிட்டார்: மார்ச் பதினாறு, ஞாயிறு மதியம், முரோய்க்கும் பட்டம் வைத்திருக்கும் கரெனுக்கும் போட்டி. இரண்டே நாளில் டிக்கெட் தீர்ந்தது. மறுபடி நாற்பது நாற்காலி போட்டார்கள். அதுவும் தீர்ந்தது. யார் ஜெயிக்கப் போகிறார்கள் என்று இனி கூரையில் இருக்கிற புறாவுக்கும் தெரியும்.

டிக்கெட் தீர்ந்த அதே வாரம், புதன்கிழமை மூன்றரை மணிக்கு முரோய் வந்தாள். கையில் துணி ஒன்றும் இல்லை.

"அக்கா, ஒரு விஷயம். யார்கிட்டயும் சொல்லக் கூடாது."

"நானா? நான் யார்கிட்டடீ சொல்லப் போறேன்!"

அவள் சிரிக்கவில்லை. "மார்ச் மாசத்தோட விட்டுடறேன். கழுத்தெலும்பு நரம்பை அழுத்துதாம். இடது கையில வெந்நீர் பட்டாக்கூடத் தெரியல. இன்னொரு தடவை தப்பா விழுந்தா நடக்கவே முடியாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. தொத்தோரியில எங்கக்கா ஊர்ல, பள்ளிக்கூடச் சமையல்ல வேலை பேசியாச்சு. ஏப்ரல்லேர்ந்து."

"முதலாளியம்மாவுக்குத் தெரியுமா?"

"நானூறு பேர் கையெழுத்து போட்டிருக்காங்க. அந்தத் தாளை அவங்க ஃப்ரேம் போட்டு மாட்டிட்டாங்க. நான் போய் எப்படிக்கா சொல்றது? ரெண்டு தடவை மாடி ஏறினேன். வாய் வரல." சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க," என்று இன்னொரு தடவை, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். "முக்கியமா முதலாளியம்மாகிட்ட."

புதன்கிழமைதோறும் நாலு மணிக்குத் துவாலை வாங்க முதலாளியம்மா என் கடைக்கு வருவார். அது முரோய்க்குத் தெரியும். என் வாயைப் பற்றியும் தெருவில் எல்லாரையும் போல அவளுக்குத் தெரியும். ஒரு விஷயம் நிஜமாகவே புதைந்து போக வேண்டுமென்றால் ஆற்றங்கரையில் போய்ச் சொல்லியிருப்பாள்; நடந்து வந்து என்னிடம் சொன்னாள். அன்று எனக்கு அது புரியவில்லை என்று இப்போது சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். புரிந்தது. அரைகுறையாகவாவது புரிந்தது.

நாலு மணிக்கு குசகாபே அம்மா வந்தார். துவாலைகளை எண்ணிக் கொடுத்தேன்.

"என்ன இஸோபே அம்மா, இன்னிக்குச் செய்தி ஒண்ணும் இல்லியா? உடம்பு சரியில்லியா?"

"நாளைக்குப் பனி பெய்யுமாம்," என்றேன்.

நாக்கை மடித்துப் பல்லுக்கடியில் வைத்துக்கொண்டேன். நம்பிச் சொன்ன ஒரு ரகசியத்தையாவது காப்பாற்றுவோமே என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். உள்ளே இருந்தது வேறு. எனக்கு முன்வரிசையில் நாற்காலி எடுத்தாகிவிட்டது. அவள் ஜெயிப்பதை நான் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு போகட்டுமே, ஒரே ஒரு நாள்தானே என்று கணக்குப் போட்டேன். முப்பத்து மூன்று வருடத்தில் நான் காத்த ஒரே ரகசியம் இதுதான்.

மார்ச் பதினாறில் அவள் ஜெயித்தாள். கரெனைப் பின்னாலிருந்து இடுப்போடு அணைத்து, தன் இடது மணிக்கட்டை வலது கையால் இறுகப் பிடித்துப் பூட்டிக்கொண்டு தூக்கினாள். "புதுப் பிடி! புதுப் பிடி!" என்று நிஷிவாகி என் காதில் கத்தினார். கரென் பின்பக்கமாக வளைந்து, முழுப் பலகையும் முழங்க விழுந்தாள். எத்தனை அழகான விழுதல்! நாலு வருடத்துக்கு முன் கரெனின் முதல் போட்டியும் முரோயோடுதான். அந்த விழுதல் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரிந்தது. நடுவர் மூன்று எண்ணினார். தோற்றவள் எழுந்து உட்கார்ந்து அழ ஆரம்பித்த பிறகும், ஜெயித்தவள் மல்லாந்தபடி விளக்குகளைப் பார்த்துக் கிடந்தாள்.

குசகாபே அம்மா பெல்ட்டை அவள் இடுப்பில் கட்டிவிட்டு ஒலிபெருக்கியை எடுத்தார். "இருபத்து நாலு வருஷம் காத்திருந்தோம்! இனிமே முரோயோட காலம்! ஏப்ரல் இருபதாம் தேதி முதல் சவால். யாருக்குத் தைரியம் இருக்கு?" நாலு பெண்கள் கயிற்றைத் தாண்டி உள்ளே வந்து, அவளைச் சுற்றி நெஞ்சை நிமிர்த்தி நின்றார்கள். பட்டத்தை வைத்துக்கொண்டு யாரும் ஓய்வு பெறுவதில்லை. அடுப்பை எரியவிட்டுக் கடையைப் பூட்டுகிற மாதிரி அது. இறக்கி வைக்க வேண்டுமென்றால் தோற்க வேண்டும். இந்த நாலு பேரில் யாரோ ஒருத்தி அவளைத் தலைக்கு மேல் தூக்கிப் போட வேண்டும். நாலு பெண்களின் தோள்களுக்கு நடுவிலிருந்து முரோய் முன்வரிசையைப் பார்த்தாள்.

பிறகு, படங்களில் கையெழுத்துப் போட்டுத் தருகிற மேசையில், என் முறை வந்தபோது தலை நிமிராமலே கேட்டாள்.

"அக்கா, நீங்க நிஜமாவே யார்கிட்டயும் சொல்லலியா?"

"சத்தியமா சொல்லல."

பேனா கொஞ்ச நேரம் தாள்மேல் நின்றது. "நன்றிக்கா," என்று எழுந்து, இடுப்பு வரை வளைந்து வணங்கினாள். எனக்குப் பின்னால் இருந்தவர்கள் கைதட்டினார்கள்.

மறுநாள் காலை நிஷிவாகி தெருவின் குறுக்கே வாழ்த்துப் பதாகை கட்டினார். துணி என்னுடையது, எழுத்துகளை வெட்டித் தைத்ததும் நான்தான். முரோயின் வீடு மருந்துக்கடைக்கு மேலே. மாடிப்படியின் வாசற்கதவு தெருப்பக்கமாகத் திறப்பது. ஏணியைச் சாத்த அந்தச் சுவர்தான் தோதாக இருந்தது. ஏணியின் அடியை நான் பிடித்துக்கொண்டிருந்தேன். உள்ளிருந்து தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. கதவு இரண்டு விரல் திறந்து, ஏணிக்காலில் இடித்து நின்றது.

"யாரு, முரோயா?" என்று மேலேயிருந்து நிஷிவாகி கத்தினார். "ஒரு அஞ்சு நிமிஷம் பொறும்மா! உன் பேரைத்தான் கட்டிட்டிருக்கோம்!"

"அவசரமில்லீங்க," என்றது குரல்.

கதவு மறுபடி மூடிக்கொண்டது. மங்கல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் உருவம் தெரிந்தது. வலது கையில் எதையோ உயரமாகப் பிடித்திருந்தாள். குடையாக இருக்கலாம், சக்கரப் பெட்டியின் கைப்பிடியாகவும் இருக்கலாம்.

"இஸோபே அம்மா, இந்தப் பக்கம் கொஞ்சம் தாழ்வா இருக்கா?" என்று நிஷிவாகி கேட்டார்.

நான் மேலே பார்க்கவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் அந்த உருவம் கையிலிருந்ததைச் சுவரில் சாய்த்துவிட்டு, மெல்லக் குனிந்து, முதல் படியில் உட்கார்ந்தது.