ஒற்றை ஒற்றை அடியாக

டெல்பர்ட் அன்று கிண்டலே செய்யவில்லை. அதுதான் ரூடியை உறுத்தியது.

டெல்பர்ட் பாடகன், ரூடியின் தங்கையைக் கட்டியவன். ஆக்ரன் நகரில் ஒரு டயர் கிடங்கின் பின்னறையில் 'டின் ஸ்டீப்பிள்' என்ற ராக் குழுவை இருவரும் தொடங்கிய நாள் முதல், ரூடியின் ட்ரம்ஸைத் திட்டாமல் அவனுக்குச் சாப்பாடு இறங்காது. பாதிப் பாட்டில் தாளத்தை விட்டுவிட்டு மிரண்ட மாடு மாதிரி ஓடுகிறாய் என்பான். இன்றோ, ஸ்டூடியோவுக்கு டோனட் வாங்கி வந்து, ரூடியின் கையைப் போல ஒரு கை ஒஹையோவிலேயே கிடையாது என்று தோளைத் தட்டினான். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுதால் ஆடு ஓட வேண்டாமா? ரூடி டோனட் தின்றான்.

இரண்டாவது ஆல்பம் படுத்துவிட்டதால், மூன்றாவதைத் தூக்கி நிறுத்த லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து லோவெல் என்ற தயாரிப்பாளரை இசைத்தட்டுக் கம்பெனி அனுப்பியிருந்தது. நயமாகப் பேசும் மனிதர். பாட்டெல்லாம் அப்புறம், முதலில் ஸ்னேர் ட்ரம்மில் ஒரே ஒரு அடி கொடுங்கள், சத்தம் அடங்கும்வரை அசையாதீர்கள் என்றார். பிறகு மெதுவாக ஒன்று. ஓங்கி ஒன்று. விளிம்பில் ஒன்று. மைக்கைச் சரிபார்க்கிறார் என்று ரூடி நினைத்தான். ஆனால் மதியம்வரை ஒவ்வொரு ட்ரம்மும், ஒவ்வொரு சிம்பல் தட்டும் அப்படியே போயின. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஒவ்வோர் அடிக்கும் ஒரு சின்னப் பெட்டியில் சிவப்பு விளக்கு மினுங்கியது. கிட்டார்க்காரன் தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தான். தன் அடியை இத்தனை கவனமாக யாரும் கேட்டதில்லையே என்று ரூடிக்குப் பெருமை வேறு. பாவம்.

சாப்பாட்டுக்குப் பிறகு அவனை உள்ளே கூப்பிட்டு ஒரு பாட்டைப் போட்டார்கள். அவனுடைய ஸ்னேரின் கரகரப்பு, அவனுடைய சிம்பலின் இழுப்பு, எல்லாம் அச்சு அசலாக இருந்தன. ஆனால் இந்தப் பாட்டை அவன் வாசித்ததே இல்லை.

"யாரு மாப்ள வாசிச்சது?"

"நீதான்," என்றான் டெல்பர்ட், நிமிராமல். "முழுக்க நீதான் மச்சான். காலையில நீ அடிச்ச ஒவ்வொரு அடியையும் அந்தப் பெட்டி கோத்து வாசிக்குது. ஒரு எடத்துலகூட ஓடல."

அப்படியானால் இனி நான் எதற்கு என்று ரூடி கேட்டான். ஆல்பத்தில் உங்கள் பெயர் கட்டாயம் வரும், இலையுதிர்காலச் சுற்றுப்பயணத்தைப் பற்றிப் பிறகு பேசலாம் என்றார் லோவெல். பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவன் போல ரூடி நின்றான். இன்னும் ஒன்றே ஒன்று பாக்கி என்றார் அவர். பாட்டு தொடங்குமுன் ஒன்று, இரண்டு என்று நாலுவரை கத்துவீர்களே, ரசிகர்களுக்கு அது உயிர், ஒரே ஒரு தடவை சொல்லிவிடுங்கள்.

ரூடி திரும்பப் போய் உட்கார்ந்து ஹெட்ஃபோனை மாட்டினான். இதையும் கொடுத்துவிட்டால் அவன் இல்லாமலே டின் ஸ்டீப்பிள் ஓடும். கொடுக்காவிட்டால் இதற்காகவாவது அவனை வைத்துக்கொண்டாக வேண்டும். குச்சிகளைத் தட்டினான்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு."

வாயை இறுக மூடிக்கொண்டான். டேப் ஓடிக்கொண்டே இருந்தது. கண்ணாடிக்கு அப்பால் யாரும் முகம் சுளிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து லோவெலின் குரல் இதமாகக் காதில் வந்தது.

"பரவால்ல ரூடி, எழுந்து வாங்க. அந்த 'நாலு' உங்க பழைய ஆல்பத்துலயே இருக்கு."