ஆமென் சொன்னவர்கள்

சின்னவள் இந்த வீட்டு மொழியில் பேசிய முதல் முழு வாக்கியமே ஒரு ஜெபம்தான்.

அதுவரை ஒற்றை வார்த்தைகள். தண்ணி. போதும். குளிருது. கடல் தாண்டி வேறொரு நாட்டு அனாதை இல்லத்திலிருந்து தத்தெடுத்துக் கூட்டிவந்த எட்டு வயதுப் பெண். அவள் மொழி இந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. பெரியவளின் செல்போன்தான் மொழிபெயர்ப்பாளர். "பசிக்குதா?" என்று தட்டினால் அது வேறு எதையோ கேட்டுத் தொலைக்கும். சின்னவள் திருதிருவென்று விழிப்பாள். பத்தாவது படிக்கும் பெரியவள் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

ஏழாவது மாடியில் இரண்டு அறை வீடு. அப்பாவுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. ஜன்னல் கண்ணாடிகளை அளந்து, கீறி, உடைத்துக் கொடுப்பார். விரல்களில் எப்போதும் ஒரு பிளாஸ்திரி இருக்கும். அம்மாவுக்கு ஒரு ஹோட்டல் சலவைக்கூடத்தில், நீராவி மெஷினில் படுக்கை விரிப்புகளைத் தேய்க்கும் வேலை. இருவரும் திரும்பியதும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் குடும்ப ஜெபம். ஆளுக்கொரு விண்ணப்பம். ஒருவர் சொல்லி முடித்ததும் மற்றவர்கள் ஆமென் சொல்ல வேண்டும்.

"அப்பா ஜெபம் உலக சமாதானத்துல ஆரம்பிக்கும். லிஃப்ட் ரிப்பேர்ல வந்து முடியறதுக்குள்ள சூப் ஐஸாயிடும்," என்பாள் பெரியவள்.

"வாயை மூடுடி. கண்ணையும் மூடு," என்பாள் அம்மா.

இரண்டு தரப்புக்கும் பொதுவாக இருந்தது ஆமென் என்ற ஒரே வார்த்தைதான். சின்னவள் வளர்ந்த இல்லத்திலும் ஜெபம் உண்டு. அதனால் வந்த அன்றே அவள் ஆமென் சொன்னாள். அப்பாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. செல்போனை வாங்கி, கையையும் ஆட்டி ஆட்டி அவளுக்கு விளக்கினார். "சும்மா முடிக்கிறதுக்காக சொல்றது இல்லம்மா அது. நீ கேட்டதை நானும் சேந்து கேக்குறேன், நானும் கையெழுத்துப் போடுறேன்னு அர்த்தம்." செல்போன் அதை மட்டும் ஒழுங்காகச் சொல்லியிருக்க வேண்டும். சின்னவள் மெல்லத் தலையாட்டினாள்.

சில வாரங்கள் கழித்து ஒருநாள், அவள் முறை வந்தபோது, வார்த்தைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்கினாள்.

"ஏசப்பா, என் தங்கச்சிய இங்க கொண்டு வாங்க."

பெரியவள் மேஜையைத் தட்டி, "ஹேய், பேசிட்டா! ஆமென்!" என்றாள்.

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா பிளாஸ்திரி விரலைப் பார்த்தார்.

"ஆமென்," என்றார் அப்பா.

"ஆமென்," என்றாள் அம்மா.

அந்த நான்கு வயதுத் தங்கை வரமாட்டாள். இருவருக்கும் அது தெரியும். சின்னவளை அழைத்துவரக் கிளம்புவதற்கு முன்பே இல்லத்து வார்டன் போனில், தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொல்லிவிட்டாள். "குட்டிய வேற ஒரு குடும்பம் தத்தெடுத்துக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. பழைய தொடர்பு எதுவும் வேண்டாம்னு சொல்லிட்டாங்க. அக்காக்காரிக்குத் தெரியாது. தங்கச்சிக்கு அம்மை போட்டிருக்கு, தனியா வச்சிருக்கோம்னு சொல்லி வச்சிருக்கேன். நீங்கதான் பக்குவமா சொல்லணும்."

பக்குவம் வரவே இல்லை. மொழி வரட்டும் என்றாள் அம்மா. மொழி வந்தது. பள்ளிக்கூடம் பழகட்டும் என்றார் அப்பா. பழகியது. குளிர்காலம் முடியட்டும் என்று இருவருமே சொன்னார்கள். தினமும் சின்னவள் அதே விண்ணப்பத்தை வைத்தாள். தினமும் வீடு ஆமென் சொன்னது.

அவள் ஒரு கையில் மட்டும் கையுறை போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போனாள். இன்னொன்று தொலைந்துவிட்டது என்று அம்மா புது ஜோடி வாங்கினாள். அதிலும் ஒன்று காணாமல் போனது. தலையணை உறையை மாற்றும்போது பெரியவள் கண்டுபிடித்தாள். உள்ளே கையுறைகள், பாதி பென்சில், பாதி பிஸ்கட் பொட்டலம்.

"எல்லாத்துலயும் தங்கச்சிக்குப் பங்கு எடுத்து வச்சிருக்காம்மா," என்றாள் பெரியவள். "கட்டில்லயும் அப்படித்தான். ஓரமா செவுத்தோட ஒட்டிப் படுக்குறா. கேட்டா, இந்தப் பக்கம் அவளுக்காம். எப்பம்மா வருவா அந்தக் குட்டி?"

"பாத்திரத்தைக் கழுவு போ," என்றாள் அம்மா.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சபையில் போதகர் வழக்கம்போல, "ஜெபக் குறிப்பு இருக்கிறவங்க சொல்லலாம்," என்றார். யாரும் எதிர்பார்க்கவில்லை. சின்னவள் பெஞ்சை விட்டு எழுந்தாள்.

"என் தங்கச்சி வரப்போறா. எங்க வீட்ல எல்லாரும் தினம் ஆமென் சொல்றாங்க."

சபையே கைதட்டியது. ஆமென் என்ற சத்தம் கூரையில் முட்டியது. பியானோ வாசிக்கும் ஆன்ட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு அம்மாவின் கையைப் பிடித்தாள். "சொல்லவே இல்ல பாத்தியா! அமுக்கமான ஆளுடி நீ."

அம்மா சிரித்துவைத்தாள். அப்பா பாட்டுப் புத்தகத்தில் பக்கம் தேடினார். அங்கேயே மறுத்திருக்கலாம். குழந்தையை அத்தனை பேர் முன்னால் எப்படி அழவைப்பது என்று இருந்துவிட்டார்கள்.

அடுத்த சனிக்கிழமை மதியம் கதவு தட்டப்பட்டது. பியானோ ஆன்ட்டி முன்னால் நின்றாள். பின்னால் சபை வாலிபர்கள் இருவர் ஒரு சின்ன மரக்கட்டிலோடு மூச்சு வாங்கினார்கள். லிஃப்ட் அன்றும் வேலை செய்யவில்லை.

"என் பேரன் படுத்தது. சும்மா கிடக்குதுன்னு பெயின்ட் அடிச்சுக் கொண்டாந்தேன்," என்றாள் ஆன்ட்டி. "எங்க போடணும்? காட்டு."

சின்னவள்தான் காட்டினாள். ஜன்னலோரம் வேண்டாம், குளிரும் என்று கையாலேயே சொன்னாள். வாலிபர்கள் சுவரோரமாகப் போட்டுவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்கள். கதவைச் சாத்தியதும் அம்மா சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சொல்லிடுங்க," என்றாள் அப்பாவிடம், குரல் எழும்பாமல். "விரிப்பை எடுத்துட்டுப் போய் விரிக்கிறா. நான் தேய்ச்ச விரிப்பு. என்னால பாக்க முடியல."

அப்பா அறைக்குள் போனார். சின்னவள் சின்னக் கட்டிலின் மூலைகளில் விரிப்பைச் செருகிக்கொண்டிருந்தாள். அவர் தரையில் உட்கார்ந்தார்.

"தங்கம், இங்க வா. தங்கச்சி இங்க வரமாட்டாம்மா. அவளை வேற ஒரு அப்பா அம்மா கூட்டிட்டுப் போயிட்டாங்க. தூரமா. அவ நல்லா இருக்கா."

"பாத்தீங்களா?"

"இல்ல. வார்டன் சொன்னாங்க."

"எப்போ சொன்னாங்க?"

பொய் நாக்கு நுனிவரை வந்தது. நேற்று என்று சொன்னால் போதும், வீடு பிழைத்துக்கொள்ளும். ஆனால் அந்த முகத்தைப் பார்த்து இன்னொன்றைச் சொல்ல அவரால் முடியவில்லை.

"நீ ஃப்ளைட் ஏறுறதுக்கு முன்னாடி."

சின்னவள் விரிப்பை விட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"நான் கேட்டேன். நீங்க ஆமென் சொன்னீங்க."

"ஆமாம்மா."

"அம்மாவும் சொன்னாங்க."

"ஆமா."

"ஏன்?"

கண்ணாடி கீறும்போது ஒரு கோடு தவறினால் முழுத் துண்டும் வீண். அது அவருக்கு அத்துப்படி. இங்கே எந்த நாள் கோடு தவறியது என்று அவருக்குத் தெரியவில்லை. "நீ அழுவியேன்னு," என்றார். சொல்லும்போதே அது காரணமாகப் படவில்லை.

அவள் அழவில்லை. வாசலில் நின்ற பெரியவள்தான் வெடித்தாள்.

"நானும் தினம் சொன்னேனேப்பா! எனக்கும் தெரியாதே! என்னையும் சேத்து இவளை ஏமாத்த வச்சிட்டீங்களே!"

"மெதுவா பேசுடி," என்றாள் பின்னாலிருந்து அம்மா.

"எதுக்கு மெதுவா? இன்னும் யாருக்குத் தெரியக்கூடாது?"



திங்கட்கிழமை அப்பா கடையிலிருந்தே வார்டனுக்கு போன் செய்தார். பின்னால் யாரோ கண்ணாடி உடைக்கும் சத்தத்தில் காதைப் பொத்திக்கொண்டு, கெஞ்சிப் பார்த்தார். ஒரு போட்டோ போதும், வருஷத்துக்கு ஒரு தடவை குரல் கேட்டால் போதும் என்றார். "கேட்டுப் பாக்குறேன். ஆனா ஒத்துக்க மாட்டாங்க," என்றாள் வார்டன். "குழந்தைகிட்ட ஆசை காட்டிடாதீங்க."

சாயங்காலம் வந்ததும், அதை ஒரு எழுத்து கூட்டாமல் குறைக்காமல் சின்னவளிடம் சொன்னார். சின்னவள் முழுவதும் கேட்டாள். அம்மாவின் பக்கம் திரும்பி, அதே வார்த்தைகளில், அப்படித்தானா என்று கேட்டாள். அம்மா ஆமாம் என்றபிறகும் சின்னவள் கொஞ்ச நேரம் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இனி இந்த வீட்டில் எதையும் இரண்டு பேரிடம் கேட்டுத்தான் நம்புவாள் போலிருந்தது.

ஜெப நேரம் வந்தது. அப்பாவின் ஜெபம் அன்று உலக சமாதானத்தைத் தொடவில்லை. "இந்தப் பிள்ளைகிட்ட நாங்க பொய்யா நடந்துக்கிட்டோம், மன்னியும்," என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டார். அம்மா வாய்க்குள்ளேயே ஏதோ சொன்னாள். பெரியவள், "எனக்கு ஒண்ணும் இல்ல," என்றாள்.

சின்னவளின் முறை.

அவள் கண்ணை மூடிக்கொண்டு தன் சொந்த மொழியில் ஆரம்பித்தாள். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் இவ்வளவு சரளமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. குரல் ஏறியது, இறங்கியது, ஓரிடத்தில் கோபப்பட்டது போலவும் இருந்தது. நடுவில் தங்கையின் பெயர் வந்தது. அது ஒன்றுதான் அவர்களுக்குப் புரிந்தது. தங்களைப் பற்றிச் சொல்கிறாளா, தங்களுக்காகக் கேட்கிறாளா, இங்கிருந்து போக வேண்டும் என்று கேட்கிறாளா, எதுவும் தெரியவில்லை. பெரியவளின் செல்போன் மேஜை மேலேயே கிடந்தது. யாரும் அதைத் தொடவில்லை.

குரல் நின்றது. அப்பா வாயைத் திறந்தார். எதற்குக் கையெழுத்துப் போடுவது என்று தெரியாமல் மூடிக்கொண்டார். அம்மா கண்ணைத் திறக்காமலே காத்திருந்தாள். அடுக்களைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

"முடிஞ்சிடுச்சு," என்றாள் சின்னவள். "சாப்பிடுங்க."