எந்த ரூட் போட்டாலும்

காலை ஐந்தரைக்கு டிரைவர் போன் செய்வார். டிப்போவில் பஸ்ஸைக் கிளப்பிவிட்டு, என்ஜின் சூடாகிற அந்தப் பத்து நிமிடத்தைத்தான் அவர் தன் மனைவிக்கென்று ஒதுக்கி வைத்திருந்தார். அவள் இறையியல் கல்லூரி விடுதியின் இரண்டாவது மாடியில், துணி காயப்போடும் வராந்தாவுக்கு வந்து நின்று பேசுவாள். அறையில் தோழி தூங்க வேண்டுமே.

"எழுந்துட்டியா?"

"எழுந்துட்டேங்க. பாப்பா?"

"தூங்குறா."

"நீங்க ஏதாவது சாப்பிட்டீங்களா?"

"டீ குடிச்சேன்."

அதற்குமேல் இருவருக்கும் பேச்சு ஓடாது. போனில் என்ஜின் உறுமிக்கொண்டிருக்கும். அவள் அதைக் கேட்டுக்கொண்டு நிற்பாள். "சரி, வண்டி எடுக்கணும்" என்று அவர் வைத்ததும் வராந்தா வெறிச்சோடிப் போகும். பதினெட்டு வருடம் அந்த மனிதரின் குறட்டையைத் திட்டித் தீர்த்தவள், இப்போது ஒரு பஸ் சத்தத்துக்காக ஐந்து மணிக்கே கண்ணைத் திறந்துகொண்டு கிடந்தாள்.

அவளுக்கு நாற்பத்து மூன்று வயது. இங்கே வருவதற்கு முன் நீதிமன்றத்தில் தட்டச்சர். சாட்சி தும்மினால் அதையும் அடித்துவிடுவாள் என்று வக்கீல்கள் கேலி பேசுவார்கள். கல்லூரியில் எல்லாரும் அவளை 'டைப்பிஸ்ட் அக்கா' என்றார்கள். இருபத்து மூன்று வயது அறைத்தோழிக்கு அவள் வைத்த பெயர் 'கிரேக்கம்'. பல் துலக்கும்போதுகூட அந்தப் பெண் வாயில் நுரையோடு கிரேக்க வினைச்சொற்களை முணுமுணுத்துக்கொண்டிருப்பாள். புதிய ஏற்பாட்டை மூலமொழியில் படிக்காமல் யாரும் சபையை நடத்தும் ஆயராக முடியாது என்பது கல்லூரி விதி. டைப்பிஸ்ட் அக்காவுக்கோ முதல் வருடம் முழுக்க அந்த மொழி நாக்குத் தள்ள வைத்தது.

இந்த வயதில் இவளை இங்கே கொண்டுவந்து விட்டது ஒரு சாவு.

மெதடிஸ்ட் சபையில் ஆயர்கள் ஓர் இடத்தில் வேர்விட முடியாது. சில வருடங்களுக்கு ஒருமுறை மாநாடு கூடி, யார் எங்கே என்று தீர்மானிக்கும். சொன்ன இடத்துக்குப் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அப்படி அவள் ஊர்ச் சபையின் ஆயர் மாற்றலாகிப் போன பிறகு எட்டு மாதம் புதியவர் வரவில்லை. பக்கத்துச் சபை ஆயரே நான்கு ஆலயங்களைச் சேர்த்துப் பார்த்துக்கொண்டார். அவர் வராத ஞாயிறுகளில் டைப்பிஸ்ட்தான் பிரசங்கம் செய்தாள். அதற்கான தேர்வை எழுதிச் சான்றிதழ் வாங்கியிருந்தாள். பிரசங்கம் செய்யலாம், ஜெபிக்கலாம், நோயாளிகளைப் பார்க்கலாம். ஆனால் ஆயராக அபிஷேகம் பெறாதவர், அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்தை நடத்தக் கூடாது.

சபையில் தையல்காரி ஒருத்தி புற்றுநோயில் படுத்தாள். ஒரு புதன்கிழமை மத்தியானம் அவள் டைப்பிஸ்டின் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்குத் திருவிருந்து குடுத்துடேன், அக்கா. இனி தாங்காது" என்றாள்.

"நான் குடுக்கக் கூடாதும்மா. ஆயரைக் கூப்பிட்டிருக்கேன். வந்துட்டே இருக்கார்."

ஆயர் அறுபது கிலோமீட்டருக்கு அப்பால் ஓர் அடக்க ஆராதனையில் இருந்தார். அவர் வந்து சேர்ந்தபோது மணி ஐந்து. தையல்காரி நாலேகாலுக்கே போய்விட்டாள். டிரைவர் வேலை முடிந்து மனைவியைக் கூட்டிப்போக வந்தார். அவள் அந்த வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து, தன் இரண்டு உள்ளங்கைகளையும் பார்த்தபடி அழுதுகொண்டிருந்தாள்.

மூன்று மாதம் கழித்துத்தான், ஆயருக்குப் படிக்க வேண்டும் என்று அவரிடம் வாய் திறந்தாள். மூன்று வருடப் படிப்பு, ரயிலில் ஒரு பகல் முழுக்கப் பயணம், அதற்குப் பிறகும் எங்கே அனுப்புவார்களோ தெரியாது. டிரைவர் ஆலயத்துக்குக் கல்யாணத்துக்கும் சாவுக்கும் மட்டும் போகிறவர்.

"போ. தடுக்க மாட்டேன். ஆனா சிரிச்சுக்கிட்டே அனுப்புன்னு மட்டும் கேக்காத" என்றார்.

இரண்டாம் வருடம் ஆராதனை வகுப்பில் திருவிருந்து நடத்தப் பயிற்சி கொடுத்தார்கள். மேசைமேல் ஒரு தட்டு, ஒரு கிண்ணம், இரண்டும் காலி. மாணவர்கள் ஒவ்வொருவராக வந்து, வார்த்தைகளைச் சொல்லி, தட்டை எடுத்து உயர்த்திக் காட்ட வேண்டும். கிரேக்கம் தூக்கிய வேகத்துக்கு அதில் அப்பம் இருந்திருந்தால் முதல் வரிசைக்குப் பறந்திருக்கும். எல்லாரும் சிரித்தார்கள். அடுத்து டைப்பிஸ்ட் வந்தாள். வார்த்தை பிசகாமல் சொன்னாள், தட்டை உயர்த்தினாள். அப்புறம் இறக்கவில்லை. வெறும் தட்டுதான் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் கை கீழே வர மறுத்தது. கிரேக்கம் வந்து அதை மெல்ல வாங்கி வைத்தாள்.

அந்த மாதமே மகளுக்குக் காய்ச்சல் வந்தது. நாலு நாள் கழித்து, எல்லாம் சரியான பிறகுதான் டிரைவர் சொன்னார். அவள் அறைக்குப் போய்ப் பெட்டியை எடுத்துக் கட்டிலில் விரித்தாள்.

"எங்கேக்கா?" என்றாள் கிரேக்கம்.

"வீட்டுக்கு. பெத்த பிள்ளைக்கு நெத்தியில துணி நனைச்சுப் போடாதவ, ஊரார் பிள்ளைக்கு என்ன ஊழியம் செய்யப் போறேன்?"

துணிகளை அடுக்கி முடித்துவிட்டுக் கணவருக்குப் போன் போட்டாள். அவர் ஓட்டிக்கொண்டிருந்தார், எடுக்கவில்லை. கடைசி நிறுத்தத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் திரும்பக் கூப்பிட்டார்.

"வராத" என்றார்.

"ஏங்க, நான் வேணாமா உங்களுக்கு?"

"வேணுங்கிறதாலதான் சொல்றேன். இப்ப வந்தா நீ திரும்பப் போக மாட்ட. அப்புறம் காலம் பூரா என் மூஞ்சியைப் பார்த்துப் பெருமூச்சு விடுவ. நீ அங்க இருக்கிறதைத் தாங்கிக்கிறேன். அதைத் தாங்க முடியாது."

அவள் பெட்டியைப் பிரித்து, துணிகளைத் திரும்ப அலமாரியில் வைத்தாள். அதற்கு ஒரு மணி நேரம் ஆனது.

மூன்றாம் வருடக் கடைசியில் தேர்வுக் குழு கூடியது. வேட்பாளருடன் கணவனோ மனைவியோ வர வேண்டும் என்பது வழக்கம். டிரைவர் ரயிலில் வந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை பகல் பயணத்தில் கசங்கிப் போயிருந்தது. நீள மேசைக்குப் பின்னால் ஏழு பேர். நடுவில் சபையின் மாவட்டக் கண்காணிப்பாளர். இறையியல் கேள்விகளுக்கெல்லாம் அவள் பதில் சொல்லி முடித்த பிறகு கண்காணிப்பாளர் டிரைவர் பக்கம் திரும்பினார்.

"உங்க மனைவியை எங்க வேணும்னாலும் அனுப்புவோம். உங்களுக்கு மனப்பூர்வமான சம்மதமா?"

"இல்லைங்க" என்றார் டிரைவர்.

ஏழு பேரும் நிமிர்ந்தார்கள்.

"பொய் சொல்ல வரலைங்க நான். இருபத்திரண்டு வருஷமா பஸ் ஓட்டுறேன். எந்த ரூட் போட்டாலும் போவேன். பிடிச்சிருக்கான்னு ஒருத்தரும் கேட்டதில்ல. கேட்டா பாதி நாள் இல்லைன்னுதான் சொல்லியிருப்பேன். ஆனா வண்டியை எடுக்காம இருந்ததில்ல. இவ வீட்ல இல்லாதது எனக்கு வலிக்குது. அது மனப்பூர்வமான சம்மதம்னு எப்படிச் சொல்லுவேன்? ஆனா ஒரு சாவு வீட்டு வாசல்ல இவ அழுததைப் பார்த்தவன் நான். அப்படி ஒருத்தியை வீட்டுக்குள்ள பூட்டி வெச்சுக்கிட்டு நிம்மதியா சாப்பிட முடியாது. அனுப்புங்க."

மேசை ஓரத்தில் இருந்த ஓர் அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

வெளியே வந்ததும் அவள் கேட்டாள்: "ஆமாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்னவாம்?"

"நாளைக்கு நீ பிரசங்க மேடையில நின்னு பொய் சொல்லாதேன்னுதானே பேசுவ?" என்றார். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அடுத்த ரயிலுக்கு மூன்று மணி நேரம் இருந்தது. இருவரும் கல்லூரிச் சாலையில் மேலும் கீழும் நடந்தார்கள். பாதியில் அவர் அவள் கையைப் பிடித்தார். தெருவில் அப்படிப் பிடிக்கிற ஆளே அல்ல அவர்.

குழு அவளை ஏற்றுக்கொண்டது. ஆனால் நேரே அபிஷேகம் இல்லை. இரண்டு வருடம் பயிற்சி ஊழியம், அதன்பின் மாநாட்டின் வாக்கெடுப்பு, அப்புறம்தான். வீட்டிலிருந்து ஐந்து மணி நேரத் தொலைவில் ஒரு தொழிற்சாலைக் குடியிருப்புச் சபைக்கு அனுப்பினார்கள். மகள் பள்ளியை முடிக்கும்வரை டிரைவர் மாற்றல் கேட்க முடியாது. திருவிருந்துக்கு மாதம் ஒருமுறை கண்காணிப்பாளரே வருவார். அந்த ஞாயிறுகளில் அவள் மேசைக்குப் பக்கத்தில் நின்று, அவர் கையிலிருக்கும் அப்பத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

நாலாவது மாதம் ஒரு சனிக்கிழமை டிரைவருக்கு விடுப்பு கிடைத்தது. மகளைத் தங்கை வீட்டில் விட்டுவிட்டு வந்தார். சாப்பிட்டார், ஒழுகிக்கொண்டிருந்த குழாயைச் சரி செய்தார், பிறகு அடித்துப் போட்ட மாதிரி தூங்கினார். மறுநாளைக்கு எழுதிக்கொண்டிருந்த பிரசங்கத்தைப் பாதியில் விட்டுவிட்டு அவள் அந்தக் குறட்டையைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தாள்.

ஞாயிறு காலை பத்தே முக்காலுக்கு அவருக்குப் பஸ். ஆராதனை பத்துக்கு. "நான் இப்படியே கிளம்பிக்கிறேன், நீ போ" என்று சொல்லியிருந்தார். முதல் பாட்டு பாடும்போது அவர் பையோடு உள்ளே வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். பக்கத்தில் இருந்த வாத்தியார் ஒருவர் அதை நேராக்கிக் கொடுத்தார்.

அவள் பிரசங்கத்தைத் தொடங்கினாள். எதிரே நாற்பது முகங்கள். அவள் கண்ணில் பட்டது ஒன்றுதான். அவர் ஒருமுறை கைக்கடிகாரத்தைப் பார்த்தார், இன்னொரு முறை பார்த்தார். பிரசங்கத்தின் இரண்டாவது பகுதியின் நடுவில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தார். கதவருகே நின்று திரும்பி, டிப்போவில் சக டிரைவருக்குக் காட்டுவது போல ஒரு கையை லேசாக உயர்த்திவிட்டு வெளியே போனார்.

அவள் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். முன்வரிசைக் கிழவர், தண்ணீர் வேண்டுமா என்று சைகையில் கேட்டார். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து பேசினாள்.