ஆடிக் கிழிந்த ஷூ

பதினாலாம் நம்பர் பஸ்ஸை ஒன்பது வருடமாக ஓட்டுகிறாள் என்பதால் பணிமனையில் அவளுக்குப் பெயரே பதினாலு. குறுகலான சந்தில் பெரிய வண்டியைத் திருப்புவதில் அவளை அடிக்க ஆளில்லை. ஆனால் ஒருவர் முன்னால் போய் நின்று உதவி கேட்பது மட்டும் அவளுக்கு வராத வித்தை. அந்தச் சனிக்கிழமை காலையில் அதைத்தான் செய்ய வேண்டியிருந்தது.

மகளுக்குப் பதினாறு வயது. தண்ணீரில் எத்தனை தடவை அமுக்கினாலும் மேலே வந்துவிடுவாள் என்று அப்பா வைத்த செல்லப்பெயர் தக்கை. ஏழு வயதில் நூலக மாடியில் நடந்த பாலே வகுப்பில் சேர்ந்தவளுக்கு, இப்போது கடல் கடந்து ஒரு பெரிய நடனப் பள்ளியில் மூன்று வருடப் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. வீடியோ அனுப்பிய நானூறு பேரில் பதினோரு பேரைத்தான் எடுத்திருந்தார்கள். இடம் கிடைத்தது, கட்டணம் மலை மாதிரி நின்றது. பஸ் ஓட்டும் அம்மாவும் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் அப்பாவும் எவ்வளவு முக்கினாலும் அதில் கால்வாசி தேறாது.

அதனால் ஓர் அறக்கட்டளைக்கு எழுதிப் போட்டார்கள். இணையத்தில் ஒரு வீடியோ போட்டால் நாலு பேர் தாராளமாகக் கொடுப்பார்கள் என்று சொல்லி, அங்கிருந்து ஓர் அலுவலர் அம்மாளும் ஒரு கேமராக்காரரும் வந்தார்கள்.

வந்த கால் மணி நேரத்தில் வீடு தலைகீழானது. பிரிட்ஜ் கேமராவில் விழுகிறது என்று அதை நகர்த்திச் சமையலறைக்குள் தள்ளினார்கள். பதினாலு, ஷிப்டுக்குப் போகத் தயாராகச் சீருடையில் இருந்தாள். அதை மாற்றச் சொன்னார்கள்.

"டிரைவர்னு தெரிஞ்சா, மாசாமாசம் சம்பளம் வருதேன்னு நினைச்சுடுவாங்கம்மா. பழசா ஏதாவது இருக்கா?"

பழசுக்கா பஞ்சம்? மாற்றிக்கொண்டு வந்தாள்.

"சார், நீங்க கொஞ்சம் படுத்துக்குறீங்களா? முடியாதவர் மாதிரி."

"எனக்கு என்ன வியாதி?" என்று தக்கையின் அப்பா அக்கறையாகக் கேட்டார்.

"வியாதி எதுவும் வேண்டாம் சார். படுத்தா போதும்."

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டார். பதினாலுவைக் கட்டில் ஓரத்தில் உட்கார வைத்து, மகளுக்கு இந்த வாய்ப்பு நழுவிப் போனால் எப்படி இருக்கும் என்று அலுவலர் அம்மாள் மெதுவான குரலில் கேட்டார். பல நாளாக அடக்கி வைத்திருந்ததோ என்னவோ, பதினாலுவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அப்படியே இருங்க, முகத்தைத் துடைக்காதீங்க" என்றார் கேமராக்காரர். துடைக்கப் போன கையை அவள் கீழே இறக்கினாள்.

அடுத்தது தக்கையின் முறை. கட்டிலுக்கு அடியில் கிடந்த, கால் நுனியில் நின்று ஆடுவதற்கான பாலே ஷூவை அலுவலர் அம்மாளே கண்டுபிடித்து எடுத்தார். முனையில் துணி பிய்ந்து நார் தொங்கியது.

"இதைக் கையில வச்சுக்கிட்டு, புதுசு வாங்க வழியில்லன்னு சொல்லும்மா. கண்ணு கலங்கினா இன்னும் நல்லது."

தக்கை அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது காசு இல்லாம கிழியல மேடம். ஆடிக் கிழிஞ்சது. பணக்கார வீட்டுப் பொண்ணு போட்டாலும் ரெண்டு வாரத்துல இப்படித்தான் ஆகும். ஆகலைன்னா அவ ஆடலைன்னு அர்த்தம்."

"அது நமக்குத் தெரியும். பாக்குறவங்களுக்குத் தெரியாதில்ல?"

"அப்போ அவங்களுக்கு ஆடிக் காட்டுறேன். அஞ்சு நிமிஷம் எடுங்க."

"ஆட்டம் ஒரு பத்து செகண்ட் போதும்மா. ஆட்டத்தைப் பாத்து யாரும் காசு தரமாட்டாங்க."

தக்கை ஷூவைக் கீழே வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் பதினாலு தாங்கியிருப்பாள். 'நீயும் அப்படித்தான் நினைக்கிறாயா' என்ற கேள்விதான் இருந்தது.

பதினாலு எழுந்தாள். முகத்தை அழுத்தித் துடைத்தாள். "என்னங்க, எழுந்திருங்க. உங்களுக்கு உடம்பு சரியாயிடுச்சு" என்றாள் கணவரிடம். பிறகு அலுவலர் அம்மாள் பக்கம் திரும்பினாள். "மன்னிச்சுக்கங்க. நான் அழுததை அழிச்சிடுங்க."

"கௌரவம் பாத்தா காரியம் ஆகாதும்மா."

"ஆகுதா இல்லையான்னு பாப்போம்."

அவர்கள் போன பிறகு மூன்று பேருமாக பிரிட்ஜைப் பழைய இடத்துக்கே தள்ளினார்கள். "வாயை விட்டுட்டே, இப்ப என்ன பண்ணப் போறே?" என்றார் கணவர். அவளுக்கும் தெரியவில்லை. சீருடையை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள்.

வழி பிறந்தது பணிமனையில்தான். நடந்ததைக் கேட்ட போர்மேன், வாயிலிருந்த டீயை விழுங்கிவிட்டு, "பதினாலு, உன் பொண்ணை நம்ம ஷெட்டுலயே ஆடச் சொல்லேன்" என்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் பழுதுபார்க்கும் ஷெட் காலியாகத்தான் கிடக்கும். டிக்கெட் போட்டால் ஏழு ரூட்டு டிரைவர்களும் கண்டக்டர்களும் குடும்பத்தோடு வருவார்கள்.

தக்கை வந்து பார்த்தாள். ஒரு காலால் தரையைத் தட்டினாள். "சிமெண்ட் தரையில குதிச்சா முழங்காலுக்குக் கீழ எலும்பே விட்டுப்போயிடும் அங்கிள். அடியில கொஞ்சம் மெத்துனு இருக்கணும். ரொம்ப மெத்துனும் இருக்கக் கூடாது."

போர்மேனுக்கு இந்த மாதிரிக் கணக்கென்றால் அல்வா சாப்பிடுகிற மாதிரி. பழைய டயர்களை அறுத்துக் கையகலத் துண்டுகளாக்கினார். அவற்றை அடியில் பரப்பி, மேலே இரண்டடுக்கு ப்ளைவுட் போட்டுத் திருகாணியால் முடுக்கினார்கள். "காலைத் தூக்கிக்கிட்டு நிக்கிறதுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?" என்று கேலி செய்த மெக்கானிக்கை, தக்கை அதே மாதிரி ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னாள். எண்ணி ஐந்தாவதில் அவர் ஜாக்கியைப் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு பலகை தூக்கியவர்களில் முதல் ஆள் அவர்தான்.

நிகழ்ச்சிக்கு முந்தின நாள் மாலை பணிமனை மேனேஜர் பதினாலுவைக் கூப்பிட்டார். "பணிமனைக்குள்ள டிக்கெட் வித்து நிகழ்ச்சி நடத்த விதி கிடையாதும்மா. மேல கேட்டா நான்தான் பதில் சொல்லணும்."

நிகழ்ச்சிக்காக ஒட்டிய நோட்டீஸ் முழுக்க வீணாகப் போகிறதே என்று பதினாலு யோசித்தாள்.

"டிக்கெட் இல்லாம நடத்தலாமா சார்?"

"சும்மா பாக்கறதுன்னா... அதுக்கு விதி ஒண்ணும் இல்ல."

"அப்போ உள்ள வர்றதுக்குக் காசு இல்ல. கேட்டுக்கு வெளிய ரோட்டுல ஒரு பெட்டி வைக்கிறோம். பாத்துட்டுப் போறப்போ, அவங்களுக்கு எவ்வளவுன்னு தோணுதோ போட்டுட்டுப் போகட்டும். பிடிக்கலைன்னா போட வேண்டாம்."

மேனேஜர் அவளையே பார்த்தார். "எத்தனை மணிக்கு?" என்று கேட்டார்.

மறுநாள் ஞாயிறு காலை பத்து மணிக்கு ஷெட் நிறைந்துவிட்டது. உட்கார இடமில்லாதவர்கள் நிறுத்தியிருந்த பஸ்களில் ஏறி ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். ஓரமாக ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் அப்பா, விரலைப் பொத்தான் மேலேயே வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

முதல் ஆட்டம் முடிந்ததும் கைதட்டல் வந்தது; நம்ம வீட்டுப் பிள்ளை என்பதற்காகத் தட்டிய கை. இரண்டாவது ஆட்டத்தின் நடுவில், உயரத் தாவி இறங்கியபோது பலகையின் இணைப்பில் கால் சறுக்கி, தக்கை பக்கவாட்டில் விழுந்தாள். விழுந்த சத்தம் ஷெட்டின் தகரக் கூரை வரை போனது. முன்வரிசையில் இருந்த பதினாலு பாதி எழுந்தவள், அப்படியே நின்றாள்.

தக்கை எழுந்தாள். கணுக்காலைச் சுழற்றிப் பார்த்தாள். இணைப்பு இருந்த இடத்தைப் பாதத்தால் தடவி, அது எங்கே இருக்கிறது என்று மனதில் குறித்துக்கொண்டாள்.

"அப்பா, முதல்லேருந்து போடுங்க."

"விட்ட இடத்துலேருந்து போடட்டா கண்ணு?"

"முதல்லேருந்து."

ஆடினாள். அந்த இடம் வந்தபோது இரண்டு விரல்கடை தள்ளி, முன்னைவிட உயரமாகத் தாவினாள். இறங்கியது காதில் விழவேயில்லை. இந்தத் தடவை வந்த கைதட்டல் வேறு. பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் கம்பிகளைத் தட்டினார்கள். ஒன்பது வருடமாக வகுப்புக்குக் கொண்டுபோய் விட்டவள்தான் பதினாலு. ஆனாலும் தன் மகள் யார் என்று அன்றைக்குத்தான் முழுதாகப் பார்த்தாள்.

பெட்டி நிரம்பி, போர்மேன் தன் தொப்பியையும் வைக்க வேண்டி வந்தது. அடுத்த இரண்டு ஞாயிறுகளிலும் மற்றப் பணிமனைக்காரர்கள் கேட்டு வாங்கி ஆட வைத்தார்கள். இவ்வளவும் சேர்ந்தும் மூன்று வருடக் கட்டணம் வரவில்லை. ஒரு வருடத்துக்குச் சரியாக வந்தது.

சேதி கேள்விப்பட்டு அலுவலர் அம்மாள் போன் செய்தார். மீதியைத் தாங்களே பார்த்துக்கொள்வதாகவும், ஆட்டத்தோடு அன்றைக்கு எடுத்த அழுகையையும் சேர்த்துப் போட்டுக்கொள்ள ஒரு கையெழுத்து மட்டும் வேண்டும் என்றும் சொன்னார்.

"அதை இன்னும் அழிக்கலையா? நாளைக்கு நேர்ல வர்றேன், என் கண் முன்னாடி அழிங்க" என்றாள் பதினாலு. சொன்னபடியே போய் அழிக்க வைத்துவிட்டு வந்தாள்.

வருடாவருடம் கட்டலாம் என்று பள்ளியிலிருந்து பதில் வந்தது. பணம் அனுப்பப் போன இடத்தில் வங்கி எழுத்தர், "பாக்கி ரெண்டு வருஷத்துக்கு என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார். "அது வர்றப்போ பாத்துக்குறோம். நீங்க இதை அனுப்புங்க" என்றாள்.

தக்கை போய்ச் சேர்ந்த நாலாம் நாள் போன் வந்தது.

"அம்மா, இங்க எல்லாரும் என்னைவிட நல்லா ஆடுறாங்க."

பதினாலு பதற்றத்தைக் காட்டிக்கொள்ளாமல், "சரி, அப்புறம்?" என்றாள்.

"அப்புறம் என்ன? கிளாஸ் எட்டு மணிக்குத்தான். ஆறு மணிக்கே ஹாலைத் திறந்துவிடச் சொல்லி வாட்ச்மேன்கிட்ட பேசிட்டேன்."