போணி விலை

என் தம்பி சிட்டிபாபுவுக்கு வாய் அடங்காது. வங்கியில் வேலை, பங்குச் சந்தை தெரிந்தவன் என்று ஊரில் பேர் வேறு. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவன், தோசையைத் தின்றுகொண்டே என் வீட்டுக்காரரிடம் பங்கை விற்கும் பேச்சை எடுத்தான்.

"மாமா, சொல்றத கேளுங்க. பெரிய கம்பெனிதான், இல்லன்னு சொல்லல. ஆனா லாபம் வருஷத்துக்குப் பத்து பர்சன்ட்தான் ஏறுது. பங்கு விலை மூணு மடங்கா ஏறிக்கினு போயிடுச்சு. இன்னும் நெய்யாத சேலைக்கெல்லாம் சேத்து இப்பவே விலை வெச்சிருக்கான். எறங்கறதுக்குள்ள வித்துடுங்க."

"வளருதுப்பா," என்றார் இவர். "கம்ப்யூட்டரே யோசிக்கிற மாதிரி புதுசா இன்னாவோ செய்றாங்கோ. இன்னிக்குப் பத்து, நாளைக்கு இருபதாவும். வளர்றத எவனாச்சும் விப்பானா?"

அந்தப் பங்குகள் எங்கள் பிள்ளை லோகேஷுடையவை. சென்னையில் அந்தக் கம்பெனியில் வேலை பார்த்தவனுக்குச் சம்பளத்தோடு கொடுத்தவை. போன ஆடியில் வாலாஜாபாத் ரோட்டில் லாரி மோதி அவன் போன பிறகு எங்கள் பேருக்கு வந்தன.

"அவன் எழுதுன ப்ரோக்ராம் உள்ள ஓடிக்கினு இருக்குதுப்பா," என்றார் இவர்.

"அதெல்லாம் எப்பவோ மாத்தியிருப்பாங்க மாமா."

"டேய், தின்னுட்டு கெளம்புடா!" என்று கத்தினேன். இவர் தட்டில் கை வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். பாவி, அதையா சொல்லுவான்?

ஆனால் விற்கவேண்டும் என்றுதான் எனக்கும் இருந்தது. லாப நஷ்டம் எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. ஆடி வருகிறது, வருஷ திதிக்கு ஐயரிடம் சொல்லவேண்டும். பேச்செடுத்தாலே எரிந்து விழுவார். "வளந்துக்கினு இருக்கறவனுக்கு எதுக்குடி திதி?" என்பார். இந்த மனிதர் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை. காலையில் எழுந்ததும் போனில் விலை பார்ப்பார். ஏறியிருந்தால், "பையன் இன்னிக்கு நல்லாருக்கறான்" என்பார். பெற்றவள் நான், தனியாக எத்தனை நாள்தான் அழுவேன்?

பிள்ளையார்பாளையத்தில் வீட்டு முன்கட்டில்தான் எங்கள் பட்டுச்சேலைக் கடை. மறுநாள் காலை இவர் சாம்பிராணி காட்டி, கல்லாவைத் தொட்டுக் கும்பிட்டு உட்கார்ந்தார். நான் தெருவில் இறங்கிச் சுற்றி வந்து, சேலை வாங்க வந்தவளைப் போல் எதிரே உட்கார்ந்தேன்.

"போணி பண்ணுங்க."

சிரித்தார். "இன்னாம்மா வேணும்? மாம்பழக் கலரா, கிளிப்பச்சையா?"

"லோகேஷோட பங்கு."

சிரிப்பு நின்றது. முதலில் வந்தவரை வெறுங்கையோடு அனுப்பினால் அன்றைக்கு வியாபாரம் விளங்காது. கேட்ட விலைக்குக் கொடுத்தாவது போணி பண்ணிவிடுவார். கடை வைத்த நாளிலிருந்து ஒருத்தரையும் திருப்பி அனுப்பியதில்லை. அது தெரிந்துதான் வந்தேன். அடாவடிதான், வேறு வழி தெரியவில்லை.

"எழுந்து உள்ள போடி."

"போணி பண்ணாம போவ மாட்டேன்."

கல்லாவை ஒருமுறை தொட்டுக்கொண்டார். "இன்னா விலைக்குக் கேக்கற?" என்றார்.

சண்டை போடத் தயாராக வந்தவள் நான். என் பிள்ளைக்கு நான் என்ன விலை சொல்வேன்?

"நீங்களே பாத்துக் குடுங்க."

போனை எடுத்தார். மார்க்கெட்டும் திறந்திருந்தது. விற்கும் பட்டனை அழுத்தினார். முதல் வியாபாரக் காசைக் கண்ணில் ஒற்றிக்கொள்வது அவர் வழக்கம். கையில் காசு இல்லை, போனை ஒற்றிக்கொண்டார். ஒற்றிய கையை எடுக்கவே இல்லை. தோள் குலுங்கியது. "லோகேசு... லோகேசு..." என்று வாய்விட்டு அழுதார். நானும் கல்லாப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

அடுத்த வாரம் சிட்டிபாபு போன் பண்ணினான். "மாமா, நீங்க சொன்னதுதான் கரெக்டு. விலை மறுபடியும் ஏறிடுச்சு."

இவர் முகத்தைப் பார்த்தேன்.

"வளரட்டும்பா," என்றார். "அது நல்லா வளரட்டும்."

போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஐயருகிட்ட சொல்லிட்டியா? அவனுக்கு வடைன்னா உசிரு. நெறைய சுடு."