மிசோ சூப்பில் ஊற்றிய வெந்நீர்

1

இந்தக் கதை எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு தைரியம் இருக்காது.

எங்கள் ஊர் சுகாதாரத் தொண்டர் சங்கத்துக்கு ஐம்பது வயதாகிறது. விழா மலர் போடுகிறார்கள். பழைய ஆட்களில் எழுதத் தெரிந்தவள் என்று என்னிடம் வந்து, இரண்டு பக்கம் கேட்டார்கள். எங்கள் ஊர் குருமிசாவாவில் சாப்பாட்டு உப்பு எப்படிக் குறைந்தது என்று எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு அழுகை வந்துவிட்டதாகச் செயலாளர் தொலைபேசியில் சொன்னாள். அட்டையில் ஆப்பிள் பூ போட்டு அச்சாகியும் வந்துவிட்டது. அந்த இரண்டு பக்கத்தில் கெட்டில் எங்கேயும் இல்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

தொடக்கம் ஒன்று: *மூன்று நாளாகப் பனி கொட்டிக்கொண்டிருந்தது.* (எங்கள் பக்கத்துக் கதை எல்லாம் இப்படித்தான் தொடங்கும். அடித்துவிட்டேன்.)

தொடக்கம் இரண்டு: *கிகுயோ ரொம்ப நல்ல* — (இதற்கு மேல் பேனா ஓடவில்லை. நல்லவள் என்று சொல்லிவிட்டால் நீங்கள் அவளை மன்னித்துவிடுவீர்கள். மன்னிப்பது உங்கள் வேலை இல்லை.)

தொடக்கம் மூன்று: *ஷோவா ஐம்பத்தெட்டாம் வருடம் (1983) மே மாதம் ஊர்க்கூடத்தில் இருபத்திரண்டு பெண்கள் ஆளுக்கொரு கண்ணாடிப் புட்டியுடன் வரிசையில் நின்றார்கள்.*

இது நடந்தது. இதிலிருந்தே போகலாம்.

2

புட்டிகளில் இருந்தது அன்று காலை அவரவர் வீட்டில் வைத்த மிசோ சூப், உப்புப் போட்டுப் புளிக்கவைத்த சோயா விழுதைக் கரைத்தது. தொண்டர் வேலை முறை வைத்து வரும். இரண்டு வருடம் செய்யவேண்டும், மாட்டேன் என்று சொல்ல முடியாது. முதல் மாதம் பயிற்சி. ஒருத்தி கையில் இன்னொருத்தி பட்டி கட்டி ரத்த அழுத்தம் பார்க்கப் பழகினோம். வீடு வீடாகப் போய் என்ன பேசவேண்டும் என்று மனப்பாடம் செய்தோம். உப்புதான் எங்கள் ஊர் ஆண்களை ஐம்பது வயதில் சாய்க்கிறது என்று படம் போட்டுக் காட்டினார்கள். அப்புறம்தான் இந்தப் புட்டிப் பரீட்சை. அடுத்தவர் வீட்டுக்குச் சொல்லப் போகிறவள் முதலில் தன் வீட்டுச் சூப்பைக் காட்டவேண்டும் என்பது நர்ஸ் யுமோதோவின் சட்டம்.

நர்ஸுக்கு அப்போது இருபத்தாறு வயது இருக்கும். உப்பு அளக்கும் மீட்டரைப் புட்டியில் விட்டு, பெயரையும் எண்ணையும் உரக்கப் படித்தாள். நூற்றுக்கு ஒன்றுக்குள் இருந்தால் நல்லது, ஒன்றரையைத் தாண்டினால் ஆபத்து.

"ஒண்ணு புள்ளி மூணு. ஒண்ணு புள்ளி ஆறு. அடுத்தது கிகுயோ-சான் வீடு." மீட்டரை எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடியும் விட்டாள். "ரெண்டு புள்ளி ஒண்ணு."

கூடமே சிரித்தது.

"அடியே, சூப்பா அது? கடல் தண்ணியை மொண்டுட்டு வந்தியா?"

"இந்த மலையில கடலுக்கு எங்கேடி போவா? உன் வீட்டுக்காரர் ஊறுகாயா ஆயிடுவாரு கிகுயோ. ஊறுகாய்ப் பானைக்கு வைக்கிற மாதிரி மேல ஒரு கல்லைத் தூக்கி வெச்சு மூடிட வேண்டியதுதான்!"

கல் வைத்து மூடச் சொன்னது யார் என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது. எழுதவில்லை. அவளும் இப்போது இல்லை.

கிகுயோவும் சேர்ந்து சிரித்தாள். அவளுக்கு நாற்பத்தாறு வயது, கை கால் நீளமானவள், வெட்கம் வந்தால் கழுத்து மட்டும் சிவக்கும். நர்ஸ் சுவரிலிருந்த உப்புக் கணக்குப் படத்தில் அவள் வீட்டுப் பெயருக்கு மேலே சிவப்புப் பென்சிலால் ஒரு கட்டம் வரைந்தாள். மற்றக் கட்டங்களை விட அது ஒரு சாண் உயரமாக நின்றது. கூட்டம் முடியும் வரை கிகுயோ அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மனதில் என்ன ஓடியது என்று எழுத ஆசைதான். எனக்குத் தெரியாது.

3

கிகுயோவின் கணவன் தொகுஜிக்கு ஐம்பத்திரண்டு வயது, ஆப்பிள் தோட்டம். மறுநாள் காலை அவள் மிசோவைப் பாதியாகக் குறைத்துச் சூப் வைத்தாள். இது அவளே எனக்குச் சொன்னது.

"என்ன இது?"

"சூப்புங்க."

"மிசோ பானைக்குப் பக்கத்துல வெச்சுட்டு எடுத்துட்டியா?"

"உப்பு ஆகாதுன்னு நர்ஸம்மா சொல்றாங்க. உங்க பிரஷர் கூட…"

"நர்ஸம்மா வந்து ஏணி ஏறிக் கிளை வெட்டுவாளா? வெட்டச் சொல்லு, அவ வைக்கிற தண்ணியைக் குடிக்கிறேன்."

சோயா சாஸை எடுத்துச் சூப்பிலேயே ஊற்றிக்கொண்டான். ஊறுகாய்க் கீரையின் மேலும் ஊற்றினான். மூன்று நாள் பேசவில்லை. நான்காம் நாள் அவள் பழையபடியே வைத்தாள். அவன் இரண்டு கிண்ணம் குடித்துவிட்டு, "இன்னிக்கு வெயில் நல்லா இருக்கு" என்றான். அவனுக்கு அதுதான் சமாதானம்.

அவன் கையில் பட்டி கட்டவும் பார்த்தாள். "கட்டறதுக்கு நான் என்ன மாடா?" என்று எழுந்து போய்விட்டான். ஊரில் பத்து வீட்டு ஆண்களுக்கு அவள் அழுத்தம் பார்த்தாள். தன் வீட்டு ஆணுக்கு மட்டும் முடியவில்லை. வெளியாள் ஒருத்தி வந்து கேட்டிருந்தால் கூச்சத்துக்காகவாவது கையை நீட்டியிருப்பான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

(தொகுஜியை முரடனாக எழுதுவது சுலபம். முதல் பிரதியில் அப்படித்தான் எழுதினேன். ஆனால் குளிர்காலக் காலைகளில் அவள் பூட்ஸை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துச் சூடாக்கித் தந்தவன் அவன். அதை விட்டுவிட்டால் எல்லாப் பழியும் அவன் மேல் போய்விடும், எனக்கு நிம்மதியாக இருக்கும். அதனால் பூட்ஸைத் திரும்பச் சேர்த்துவிட்டேன்.)

4

இங்கே ஒரு அண்டை வீட்டுக்காரி வரவேண்டும். அவளை மூன்று முறை எழுதி மூன்று முறையும் அடித்தேன். முதல் முறை அவளுக்கு ஃபுமியே என்று பெயர் வைத்துக் கோள்மூட்டியாக எழுதினேன். இரண்டாம் முறை விவரம் தெரியாத அப்பாவி. மூன்றாம் முறை அவளே வேண்டாம் என்று எடுத்துவிட்டு, கிகுயோவுக்குத் தானாகவே யோசனை தோன்றியதாக எழுதினேன். விழா மலருக்காகக்கூட நான் அவ்வளவு பெரிய பொய் சொன்னதில்லை.

அவள் பெயர் ஹட்சுமி. அது நான்தான்.

ஜூன் மாத அளவை நாள். ஊர்க்கூடத்துச் சமையலறையில் தேநீருக்காகக் கெட்டில் கொதித்துக்கொண்டிருந்தது. கிகுயோ புட்டியை இரண்டு கையாலும் பொத்தியபடி மூலையில் நின்றாள்.

"என்னடி, பிரசவத்துக்குப் போறவ மாதிரி நிக்கிறே?"

"ஹட்சுமி, நான் வீட்டுக்குப் போயிடறேன். காய்ச்சல்னு சொல்லிடு."

"குறையலையா?"

"அவர் குடிக்க மாட்டேங்கறாரு."

"எங்க வீட்டுல மட்டும் குடிக்கிறாங்களா? இங்கே கொடு." புட்டியை வாங்கினேன். கிட்டத்தட்டப் பாதியைத் தொட்டியில் கொட்டினேன். கெட்டிலைச் சாய்த்து வெந்நீர் ஊற்றினேன். "போன தடவை எனக்கு ஒண்ணு புள்ளி ஆறு. இன்னிக்குப் பாரு."

"இது தப்பு இல்லையா?"

"விருந்தாளி வந்தா முன்னறையைப் பெருக்கறதில்லையா? அதே மாதிரிதான்."

அவ்வளவுதான் பேச்சு.* நர்ஸ் கிகுயோவின் புட்டியில் மீட்டரை விட்டாள். அவள் முகம் மலர்ந்துவிட்டது. "ஒண்ணு புள்ளி ரெண்டு! எல்லாரும் கை தட்டுங்க!" தட்டினோம். கிகுயோவின் கழுத்து சிவந்தது.

*எனக்குத் தெரிந்து அன்று பதினொரு புட்டியில் வெந்நீர் இருந்தது. யாரும் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. கெட்டில் மட்டும் சீக்கிரம் காலியானது.

5

படத்தில் சிவப்புக் கட்டங்கள் மாதாமாதம் இறங்கின. பக்கத்து ஊர்களிலிருந்து வந்து பார்த்தார்கள். கிகுயோவின் வீடு இரண்டு புள்ளி ஒன்றிலிருந்து பூஜ்யம் புள்ளி ஒன்பதுக்கு வந்திருந்தது. மாவட்டக் கூட்டத்தில் அவளையே மேடை ஏற்றிப் பேசவைத்தார்கள். நான் எழுதிக்கொடுத்ததை அவள் படித்தாள். எழுத்து எனக்கு அப்போதே நன்றாக வரும்.

இரண்டாவது வருடம் நவம்பரில், குளிர்காலத்துக்கு முன்னால், நர்ஸ் ஒரு பட்டியல் போட்டாள். உப்பு அதிகமான வீடுகளுக்கு அவளே நேரில் போய் ஆண்களுக்கு அழுத்தம் பார்த்து, தேவையானவர்களை டாக்டரிடம் அனுப்புவாள். குருமிசாவாவிலிருந்து பட்டியலில் இருந்தவை இரண்டே வீடுகள்.

"உங்க வீட்டுக்கு நான் வரவேண்டிய வேலையே இல்ல கிகுயோ-சான். நீங்கதான் ஜெயிச்சுட்டீங்களே."

*அப்போது கிகுயோ நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு நிமிஷம்மா, எங்க வீட்டுக்கும் ஒரு தடவை* —

கையைப் பிடிக்கவில்லை. குனிந்து நன்றி சொன்னாள். திரும்பி நடக்கும்போது என்னிடம்தான் கேட்டாள்.

"அவங்க வந்திருந்தா நல்லா இருந்திருக்கும், இல்ல?"

"வந்தா சும்மா போவாங்களா? சூப்பையும் ஒரு வாய் குடிச்சுப் பார்ப்பாங்க."

"அதுவும் சரிதான்" என்றாள். 

6

பிப்ரவரி மாதம் ஒரு காலை தொகுஜி இரண்டு கிண்ணம் சூப் குடித்தான். "இதுதான் சூப்பு" என்று சொல்லிவிட்டுக் கூரைப் பனியைத் தள்ளப் போனான். மேலே மண்வெட்டிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது, பிறகு கேட்கவில்லை. இளைப்பாறுகிறான் என்று நினைத்து அவள் பாத்திரத்தைக் கழுவி முடித்திருக்கிறாள். வெளியே வந்து பார்த்தபோது கூரை ஓரத்தில் மண்வெட்டி செங்குத்தாக நின்றது. அவன் கீழே பனியில் முகம் புதையக் கிடந்தான்.

விழுந்ததில் ஒன்றும் ஆகவில்லை, பனி தாங்கிவிட்டது. விழும் முன்பே மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருந்தது. ஆஸ்பத்திரியில் அழுத்தம் இருநூற்றுப் பத்து காட்டியது. உயிர் பிழைத்தான். வலது பக்கம் போனது, பேச்சும் போனது.

நர்ஸ் யுமோதோ ஓடி வந்தாள். நடைவழியில் நின்று அழுதாள்.

"உங்க வீட்டுல உப்பு ஒண்ணுக்குக் கீழேதானே? அப்புறம் எப்படி? நான் எதைத் தப்பாச் சொல்லிக் கொடுத்தேன்?"

நான் பக்கத்தில்தான் இருந்தேன். கிகுயோ என்னைப் பார்த்தாள். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். நர்ஸ் தன் தாளில் காரணம் என்ற இடத்தில் 'குளிர்' என்று எழுதிக்கொண்டாள்.

(இந்தப் பகுதியை இதற்கு மேல் நன்றாக எழுத எனக்கு மனசு வரவில்லை.)

7

முடிவுக்கு வந்துவிட்டோம்.

மார்ச் கடைசியில் எங்கள் முறை முடிந்தது. அடுத்த முறைக்கு வந்த இருபத்திரண்டு பெண்களுக்கு நாங்கள் பயிற்சி கொடுத்துவிட்டு விலகவேண்டும். அன்றைக்கும் புட்டி அளவை இருந்தது. நாங்கள் முதலில் அளந்து காட்டவேண்டும், அவர்கள் பார்த்துக் கற்றுக்கொள்வார்கள். கிகுயோ வரமாட்டாள் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். வந்தாள். கையில் புட்டி இருந்தது.

"யாருக்கு வெச்ச சூப்புடி?" என்று கேட்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபின் தொகுஜி கஞ்சிதான் குடிக்கிறான், அதுவும் உப்பில்லாமல், கரண்டியால்.

"அவருக்குத்தான். தினமும் பழையபடி வெச்சு அவர் முன்னால வைக்கிறேன். வாசனையாவது பிடிக்கட்டும்னு. அப்புறம் நானே குடிச்சிடறேன்."

சமையலறையில் கெட்டில் கொதித்துக்கொண்டிருந்தது. பழக்கம் போல அதை எடுத்துக் கையில் வைத்திருந்தேன். கதவுக்கு வெளியே புதுப் பெண்கள் புட்டியோடு நின்றார்கள். எல்லோர் வீட்டிலும் ஐம்பதை நெருங்கும் ஒரு ஆண் இருந்தான். முன்னால் நின்றவள் எட்டிப் பார்த்து, "என்ன பண்ணணும்னு சொல்லுங்கக்கா, நாங்களும் செய்யறோம்" என்றாள். கூடத்தில் நர்ஸ் மீட்டரைத் துடைப்பது இங்கிருந்தே தெரிந்தது.

கிகுயோ புட்டியின் மூடியைத் திறந்து என்னிடம் நீட்டினாள்.

"நீயே ஊத்து, ஹட்சுமி" என்றாள்.

அவள் குரலில் கோபம் இருந்ததா என்று நாற்பது வருடமாக யோசிக்கிறேன். இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

முடிவு ஒன்று: கெட்டிலைக் கீழே வைத்தேன். கூடத்துக்குப் போய் எல்லோர் முன்னாலும் மண்டியிட்டு உண்மையைச் சொன்னேன்.

முடிவு இரண்டு: சொல்லத் தைரியமில்லை. ஆனால் அவள் புட்டியை அப்படியே மேசைக்குக் கொண்டுபோனேன். மீட்டர் இரண்டு புள்ளி ஒன்று காட்டியது. நர்ஸ் தானாகவே புரிந்துகொண்டாள்.

முடிவு மூன்று: ஊற்றினேன். ஊற்றும்போது கை நடுங்கியது, அழுதேன்.

மூன்றையும் படித்துப் பார்த்தேன். மூன்றிலும் நான் கொஞ்சம் நல்லவளாகத்தான் வந்திருக்கிறேன். மூன்றாவதில்கூட அழுகையைச் சேர்த்திருக்கிறேன். இதுவும் வெந்நீர்தான். கை தானாகப் போய் ஊற்றிவிடுகிறது.

அதனால் முடிவை நான் எழுதப்போவதில்லை. நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். கெட்டில் கனமானது, கைப்பிடி சுடும், துணியால் பிடியுங்கள். புதுப் பெண்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கிகுயோ நீட்டிய கையை இன்னும் எடுக்கவில்லை.