வாளி நிறைய நாற்பது

அப்பாவின் உதட்டில் ஈரப்பஞ்சை வைத்துக்கொண்டிருந்த மகள், வாசலில் ஜீப் வந்து நின்ற சத்தம் கேட்டும் எழவில்லை. இறங்கி வந்தவர் ஒரு பெண் பொறியாளர். அன்று காலையிலிருந்து அணை அவர் கையில் இருந்தது. யாரையும் கேட்காமல் நீர்த்தேக்கத்தைத் திறந்துவிட அவசரச் சட்டம் அவருக்கு அதிகாரம் கொடுத்திருந்தது. அணைக்கு ஆபத்து என்று அரசாங்கத்துக்குத் தெரிய ஒரு சட்டம் வேண்டியிருந்தது. அப்பாவுக்கு ஒரு வாளி போதும்.

முப்பது வருடம் அவர் அந்த அணைக்குக் காவலாளி. உள்ளே சுரங்க வழியில் கசிவுநீர் விழும் குழாய் ஒன்று உண்டு. தினமும் அதன் கீழே வாளியை வைத்து, நிறையும்வரை எண்ணி, பதிவேட்டில் எழுதுவார். எண் குறைந்தால் கசிவு கூடுகிறது என்று பொருள். அணை எப்படி இருக்கிறது என்று யார் கேட்டாலும் "நாப்பது" என்பார். தெருவில் அவருக்குப் பெயரே அதுதான்.

"சுரங்கத்துக்குள்ள தண்ணி ஏறிடுச்சு. இனி அளக்க வழியில்ல," என்றார் பொறியாளர். கையில் பதிவேடு. "நாலு வருஷமா மழைக்கும் நாப்பது, வெயிலுக்கும் நாப்பது. அது எப்படிங்க? ஐயாகிட்ட ஒரே ஒரு கேள்வி கேக்கணும்."

"அவர் பேசறது எனக்கு மட்டும்தான் புரியும், மேடம்," என்றாள் மகள்.

தலைமாட்டில் நின்ற தம்பி கேட்டான். "நாப்பதுன்னா என்ன பண்ணுவீங்க?"

"பத்து நாள்ல மெதுவா இறக்கிடுவோம். உங்க தெருவுக்குத் தண்ணி வராது."

"இல்லன்னா?"

"இன்னைக்கே எல்லா மதகையும் திறக்கணும். தெரு முழுகிடும். மூணு மணிக்குள்ள எல்லாரும் காலி பண்ணணும்." அவர் கட்டிலைப் பார்த்தார். "பொய்க் கணக்கை நம்பி மெதுவா திறந்தா அணையே போயிடும். கீழ எட்டு ஊரு இருக்கு."

இரண்டு நாள் தாங்குவார், அசைத்தால் அதுவும் இல்லை என்று டாக்டர் காலையில்தான் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

மகள் குனிந்தாள். "அப்பா, வாளி நிறைய எவ்வளவு?"

அவர் உதடு அசைந்தது. ஒண்ணு, ரெண்டு... பதினொன்றில் நின்றது. மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். மறுபடியும் பதினொன்று.

"குறைச்சு எழுதினா... தெருவையே தூக்கிடுவாங்கன்னாரு... பெரியவரு," என்றார். அவர் பெரியவர் என்பது பழைய மேலதிகாரியை.

நாலு வருடம் இந்த மனிதர் பதினொன்றை எண்ணிவிட்டு வந்து, சாப்பிட்டு, பிள்ளைகளுக்குப் பக்கத்திலேயே படுத்துத் தூங்கியிருக்கிறார்.

தம்பி அவள் காதோரம் வந்தான். "அக்கா, நாப்பதுன்னு சொல்லிடு. கட்டில்லயே போகட்டும். உன் கால்ல வேணா விழறேன்."

பஞ்சைக் கிண்ணத்தில் போட்டாள்.

"பதினொண்ணு, மேடம்."

பொறியாளர் அதை எழுதிக்கொண்டார். நன்றி சொல்ல வாய் திறந்தவர், சொல்லாமலே போய்விட்டார்.

இரண்டரைக்குக் கட்டிலோடு லாரியில் ஏற்றினார்கள். தம்பி கட்டிலின் ஒரு காலைப் பிடித்துத் தூக்கினான். அக்காவின் முகத்தை அவன் பார்க்கவில்லை. மேடேறும் வழியில் ஒரு பள்ளத்தில் லாரி குலுங்கியது. அப்பாவின் உதடு அசைவதைக் கண்டு அவள் காதை வைத்துக் கேட்டாள். எண்ணிக்கொண்டிருந்தார். ஏழு வரை கேட்டது. எட்டுக்காக அவள் குனிந்தபடியே இருந்தாள்.

நான்தான் கொன்றேன் என்று நினைத்தாள். இல்லை என்று சொல்ல யாரும் இல்லை.

மேட்டுப் பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பறையின் பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு அவரைக் கிடத்தினார்கள். கீழே மதகுகள் திறந்த சத்தம் ஜன்னல் கம்பிகளை அதிரவைத்தது. "நாப்பது போயிட்டாராமே," என்று வராந்தாவில் யாரோ சொன்னார்கள். "கடைசில அவரு கணக்கு எல்லாம் பொய்யாமே," என்றது இன்னொரு குரல்.

உடம்பைக் கழுவத் தண்ணீர் வேண்டும். அத்தனை பேருக்கும் ஒரே குழாய். அவள் வாளியை அதன் கீழே வைத்துத் திறந்தாள். வாய் தானாக எண்ண ஆரம்பித்தது. வாளி நிறைந்தது, வழிந்து காலை நனைத்தது. பின்னால் குடங்களோடு நின்றவர்கள் சலித்துக்கொண்டார்கள். தம்பி வந்து, "அக்கா, வழியுது," என்றான்.

நாற்பது வரும்வரை அவள் குழாயை மூடவில்லை.